தோண்டி எடுத்த காசை எங்கே வைப்பது? நான்கு வழிகள், ஒரு ஐந்தொகை

காரைக்குடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நாலைந்து பேர் ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். நான் வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். பொருளாதாரத்தில் ஏதாவது பிடிபடவில்லை என்றால் கேட்பார்கள். போன மாதம் ஒரு பெண் கேட்டாள்: “சார், ஒரு நாட்டுக்குத் திடீர்னு எண்ணெய் கிடைச்சா நார்வே மாதிரி சேர்த்து வைக்கணுமா, போட்ஸ்வானா மாதிரி நாட்டைக் கட்டணுமா, மலேசியா மாதிரி வேற தொழிலுக்குத் தாவணுமா? நோட்ஸ்ல எல்லாமே சரின்னு போட்டிருக்கு. எதை எழுதுறது?”

அவள் மனத்தில் இருந்தது கயானா. தென் அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில் சுமார் 8 லட்சம் பேர் வாழும் நாடு. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாகக் கப்பலேறியவர்களின் வழிவந்தவர்கள் அங்கே நிறையப் பேர். மதராஸிலிருந்து போனவர்கள் கொண்டுபோன மாரியம்மன் வழிபாடு இன்றும் நடக்கிறது. 2015இல் கடலுக்கடியில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 2019 டிசம்பரில் எடுக்க ஆரம்பித்து, 2024இல் நாளொன்றுக்கு 6 லட்சம் பீப்பாயைத் தாண்டிவிட்டார்கள். இந்தக் காசை என்ன செய்வது என்பது அவர்களுக்குத் தேர்வுக் கேள்வி இல்லை.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அண்ணாந்து உத்தரத்தைப் பார்க்கச் சொன்னேன்.

## உத்தரத்தில் இருக்கும் கணக்கு

எங்கள் வீட்டுத் தூண்களும் உத்தரமும் பர்மாத் தேக்கு. கீழே தளம் ஆத்தங்குடிக் கல். எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போய் ஒரு வட்டிக்கடையில் எடுபிடியான பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து மேலாளாக உயர்ந்தவர். அந்தக் காலத்துச் செட்டிநாட்டை நான் ஒரு வளநாடாகத்தான் பார்க்கிறேன். மழை குறைந்த, வானம் பார்த்த இந்தப் பூமியில் அரண்மனை மாதிரி வீடுகள் எழும்பியதற்குக் காரணம் ஐராவதி டெல்டாவின் நெல். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி. வயலைத் திருத்த விவசாயிக்குக் கடன் தேவை. கொடுத்தது எங்கள் ஆட்கள்.

1930இல் உலக மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை. ஈடாக வைத்த நிலம் கடைகளின் தலையில் வந்து விழுந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் 6 விழுக்காடு நிலம். 1938 வாக்கில் 25 விழுக்காடு. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு அது பேராசை. கடைக்காரர்களுக்கோ காசு மண்ணாகி மாட்டிக்கொண்ட கதை. 1942இல் ஜப்பான் படை வந்தது; பர்மா விடுதலைக்குப்பின் நில தேசியமயச் சட்டம்; 1964இல் கடைகளும் போயின. ஐராவதிக் கரையில் இருந்ததெல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. கானாடுகாத்தானில், பள்ளத்தூரில், கோட்டையூரில் கல்லாகவும் மரமாகவும் மாறியது மட்டும் மிஞ்சியது. அதிலும் எத்தனை வீட்டைப் பிரித்துத் தூணைப் பழைய சாமான் கடைக்கு விற்றுவிட்டார்கள்!

இன்னொன்றும் மிஞ்சியது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். இந்தப் பிள்ளைகளில் இருவர் படித்ததே அழகப்பர் பெயர் தாங்கிய கல்லூரியில்தான். வீடு, நிலம், படிப்பு என்று ஒரே காசு மூன்று உருவம் எடுத்தது. எது நின்றது என்று பக்கத்தில் நின்றே பார்த்துக்கொள்ளலாம்.

## உரைகல்

நாடுகளை எடைபோட நான் வைத்துக்கொள்ளும் கேள்விகள் ஐந்து.

முதல், அதாவது மூலதனம், கரைகிறதா? ஐந்தொகை, அதாவது சொத்தும் கடனும் காட்டும் கணக்கு, எழுதப் பழகிய எவரும் முதலையும் ஆதாயத்தையும் ஒரே பத்தியில் போட மாட்டார்கள். எண்ணெயோ வைரமோ மண்ணுக்கடியில் கிடக்கும் முதல். அதை விற்று வந்த காசை அரசாங்கங்கள் வரவு என்று எழுதிக்கொள்கின்றன. பாதிக் கோளாறு அங்கேயே ஆரம்பிக்கிறது. மண்ணிலிருந்து எடுத்த அளவுக்கு வேறு சொத்து உருவாக வேண்டும் என்பதைப் பொருளியலில் ஹார்ட்விக் விதி என்பார்கள், 1977இல் வந்தது. செட்டிநாட்டுக் கடைகளில் பெட்டியடிப் பையனுக்கே அது தெரிந்திருக்கும்.

விலை விழுந்தால் தாங்குமா? 1930ஐ நினைத்துக்கொண்டால் போதும்.

மற்ற தொழிலைக் கொல்கிறதா? இதற்கு டச்சு நோய் என்று பெயர். 1959இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் பெரிய எரிவாயு வயல் கிடைத்தது. வாயு ஏற்றுமதியால் நாணய மதிப்பு ஏற, அந்த நாட்டின் மற்ற சரக்குகள் வெளியூர்ச் சந்தையில் விலைபோகாமல் தொழிற்சாலைகள் நொடித்தன. வாயு எடுத்து எடுத்துக் கடைசியில் நிலமே அதிர ஆரம்பித்து, வீடுகள் விரிசல் விட்டு, அந்த வயலை மூடியும் விட்டார்கள்.

வேலை யாருக்கு? எண்ணெய்க் கிணறு ஆயிரம் பேருக்குச் சம்பளம் கொடுக்கும், லட்சம் பேருக்குக் கொடுக்காது.

பேரேட்டை யார் பார்க்கிறார்கள்? இதில் தோற்றால் மற்ற நாலிலும் வாங்கிய மதிப்பெண் வீண்.

## வழி 1: வெளியே சேமிப்பது

நார்வேயின் வடகடலில் 1969இல் எண்ணெய் கிடைத்தது. நிறுவனங்களின் லாபத்துக்கு மொத்தம் 78 விழுக்காடு வரி. சேரும் காசு முழுவதும் ஒரு நிதியத்துக்குப் போகும். நிதியம் அதை நாட்டுக்குள் போடாது, வெளிநாட்டுப் பங்கிலும் பத்திரத்திலும் போடும். நாணய மதிப்பு எகிறாமல் இருக்க அந்த ஏற்பாடு. அரசாங்கம் வருஷத்துக்கு நிதியத்தின் எதிர்பார்க்கும் வருமானம் அளவுக்குத்தான் கை வைக்கலாம்: 2001இல் 4 விழுக்காடு என்று வைத்தார்கள், 2017இல் அதை 3 ஆகக் குறைத்தார்கள். முதலைத் தொடாமல் வட்டியில் சாப்பிடுவது. உலகில் பங்குச் சந்தைகளில் உள்ள நிறுவனங்களில் சராசரியாக ஒன்றரை விழுக்காடு இன்று அந்த 55 லட்சம் மக்களுக்குச் சொந்தம்.

முதல் உரைகல்லில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் நோட்ஸில் வராத ஒரு தேதி இருக்கிறது. நிதியத்துக்கான சட்டம் வந்தது 1990இல்; முதல் தவணை போட்டது 1996இல். எண்ணெய் கிடைத்து கால் நூற்றாண்டுக்கும் மேல். அதற்கு முன்னால் அவர்கள் என்ன செய்தார்கள்? அரசு எண்ணெய் நிறுவனம் தொடங்கினார்கள், சொந்தப் பொறியாளர்களை உருவாக்கினார்கள், கப்பல் கட்டும் தொழிலை எண்ணெய் மேடை கட்டும் தொழிலாகத் திருப்பினார்கள், மருத்துவத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் தாராளமாகச் செலவழித்தார்கள். ஈராக்கின் பஸ்ராவைச் சேர்ந்த புவியியலாளர் ஃபாரூக் அல் காசிம், குடும்பக் காரணத்துக்காக 1968இல் நார்வேக்குக் குடிவந்தவர், அரசாங்கத்தின் எண்ணெய்க் கொள்கையை வகுத்ததில் பெரும் பங்கு வகித்தார். சேமித்து நார்வே பணக்கார நாடானது என்று சொல்வதைவிட, ஓரளவு வசதி வந்தபின் சேமிக்க உட்கார்ந்தது என்று சொல்வது பொருந்தும்.

அதை அப்படியே நகல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் திமோர்-லெஸ்தே இருக்கிறது. இந்தோனேசியாவுக்குப் பக்கத்தில் 2002இல் விடுதலை பெற்ற ஏழை நாடு. 2005இல் நார்வேயைப் பார்த்துச் சட்டம் எழுதி நிதியம் அமைத்தது; அதிலும் 3 விழுக்காடு என்று வரம்பு உண்டு. நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு அருகில் வளர்ச்சி குன்றியவை. பசியோடு இருக்கும் வீட்டில் பெட்டியைப் பூட்டி வைத்தால் பூட்டு எத்தனை நாள் தாங்கும்? வரம்பைத் தாண்டி வருஷா வருஷம் எடுக்கிறார்கள். இதற்குள் பழைய எண்ணெய்க் கிணறுகள் வற்றிவிட்டன.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று: காசு வெளியே இருந்தால் வெளியே அடிக்கும் காற்றும் படும். 2008இல் நார்வே நிதியம் தன் மதிப்பில் 23 விழுக்காடு அளவுக்கு நட்டம் கண்டது. அடுத்த தேர்தலுக்குள் பதில் சொல்ல வேண்டிய ஏழை நாட்டு அமைச்சரால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா?

மக்கள் குறைவு, அடிப்படை வசதிகள் முடிந்துவிட்டன, எதிர்க்கட்சியும் நிதியத்தில் கை வைக்காது. இந்த மூன்றும் இருக்கிற இடத்துக்கு இது சரி.

## வழி 2: உள்ளூரில் கட்டுவது

1966 செப்டம்பர் 30 அன்று போட்ஸ்வானா விடுதலை அடைந்தபோது நாடு முழுவதும் தார்ச்சாலை 12 கிலோமீட்டர். மறு வருஷம் ஒராபாவில் வைரம் கிடைத்தது.

அந்த நாட்டின் கதை தப்பியது வைரத்தால் இல்லை என்பது என் எண்ணம். முதல் குடியரசுத் தலைவர் செரெட்சே காமா வைரம் கிடந்த மண்ணின் பெரிய இனக்குழுவான பாங்வாட்டோவின் வாரிசு. கனிம உரிமை இனக்குழுவுக்கு இல்லை, நாட்டுக்குத்தான் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். தன் வீட்டுச் சொத்தைப் பொதுவில் எழுதி வைத்த மாதிரி. நம் ஊரில் பங்காளிச் சண்டையால் பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அப்புறம் டி பியர்ஸ் என்ற வைர நிறுவனத்தோடு சரிபாதிக் கூட்டு. வைரக் காசை அன்றாடச் செலவுக்கு எடுக்காமல் சாலை, பள்ளி, மருத்துவமனை என்று சொத்தாக மாற்றுவது கொள்கை. அதற்கு மேல் மிஞ்சியதை 1994இல் பூலா நிதியத்தில் போட்டார்கள். செட்டிநாட்டு வியாபாரத்தில் ஆதாயத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கும் தர்மத்துக்கும் என்று மகமையாக ஒதுக்குவார்களே, அந்தக் கட்டுப்பாடு ஒரு அரசாங்கத்துக்கு இருந்தது.

சரி, குறை என்ன? வைரம் இன்னும் ஏற்றுமதியில் பெரும்பகுதி. பள்ளி கட்டினார்கள், படித்து வந்த பிள்ளைக்கு அரசாங்க வேலையை விட்டால் வேறு இல்லை. வேலையில்லாதோர் நாலில் ஒருவருக்கு மேல். ஏற்றத்தாழ்வு உலகிலேயே அதிகமுள்ள நாடுகளில் ஒன்று. மத்திய கலஹாரிப் பாலைநிலத்தில் இருந்த சான் பழங்குடி மக்களை அவர்கள் மண்ணைவிட்டு வெளியேற்றினார்கள். 2006இல் நீதிமன்றம் அது தவறு என்றது. இப்போது ஆய்வுக்கூட வைரம் வந்து சந்தையைக் கலக்குகிறது. சூரத்திலேயே செய்கிறார்கள். 2024இல் போட்ஸ்வானாவின் பொருளாதாரம் வளர்வதற்குப் பதில் சுருங்கியது. 58 வருஷம் ஆண்ட கட்சி அந்த வருஷத் தேர்தலில் தோற்றது. மண்ணுக்கடியில் வைரம் இருக்கும்போதே வைரத்துக்கு மவுசு போகும் என்பதை 1966இல் யார் நினைத்தார்கள்?

ஆனாலும் ஏழை நாடு ஒன்று முதல் முப்பது வருஷத்துக்கு எதைச் செய்யலாம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

## வழி 3: பக்குவம் செய்து விற்பது

மூலப்பொருளை அப்படியே அனுப்பாதே, இங்கேயே உருக்கு, இங்கேயே பட்டை தீட்டு என்பது. மேடையில் பேசினால் கைதட்டு விழும் வழி. சிவகங்கைப் பக்கம் கிராஃபைட் தோண்டுகிறார்கள். “நம்ம மாவட்டத்துல கிராஃபைட், நம்ம ஊர்ல மின்வேதியியல் ஆய்வகம், அப்ப பேட்டரி இங்கயே செய்யலாமே சார்” என்று ஒருவன் சொன்னான். ஆசை நியாயமானது.

இந்தோனேசியா 2020 ஜனவரியில் நிக்கல் தாதுவை ஏற்றுமதி செய்யத் தடை போட்டது. உருக்காலைகள் வரிசையாக வந்தன. அரசாங்கக் கணக்குப்படி நிக்கல் சார்ந்த ஏற்றுமதி ஐந்து வருஷத்தில் சுமார் 300 கோடி டாலரிலிருந்து 3,000 கோடி டாலருக்கு மேல் போனது. ஆனால் ஆலைகளில் பெரும்பாலானவை சீன நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. லாபம் அவர்கள் ஊருக்கு. மின்சாரம் நிலக்கரியில். சுலவேசித் தீவில் காடும் கடலோரமும் கெட்டன. எல்லோரும் சேர்ந்து உருக்கியதில் உலகச் சந்தையில் நிக்கல் விலையே விழுந்தது.

உலகத்தில் அந்தத் தாது இருப்பதில் பெரும்பகுதி உன்னிடம்தான் என்றால் இந்த வழி மிரட்டிப் பார்க்க உதவும். இல்லாவிட்டால் வாங்குபவன் அடுத்த கடைக்குப் போவான்.

## வழி 4: வேறு தொழிலுக்குத் தாவுவது

மலேசியா நமக்கு அயல்நாடு மாதிரியே இல்லை. வெள்ளீயச் சுரங்கத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கடன் கொடுத்தது இங்கிருந்து போனவர்கள். பால் வெட்டியது தமிழ்க் கூலிகள். 1957இல் விடுதலை பெற்றபோது ஏற்றுமதியில் பெரும்பகுதி இந்த இரண்டும்தான். 1972இல் பினாங்கில் பாயான் லெப்பாஸ் வயல்வெளியில் வரியில்லாத் தொழிற்பேட்டை திறந்தார்கள். அந்த வருஷமே இன்டெல் வந்தது. ரப்பரோடு நிற்காமல் செம்பனை போட்டார்கள், பெட்ரோனாஸ் தொடங்கினார்கள். 1985 அக்டோபரில் லண்டன் வெள்ளீயச் சந்தை ஒரே நாளில் நொறுங்கியபோது கிந்தாப் பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் மூடின, ஆனால் நாடு மூழ்கவில்லை. இன்று சிப்புகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் உலகில் சுமார் 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது.

வேலை என்ற உரைகல்லில் இதுதான் முதலிடம். விலைச் சரிவைத் தாங்குவதிலும் இதுதான்.

செலவு யார் தலையில் விழுந்தது என்பதைத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ரப்பரை அழித்துச் செம்பனையும், செம்பனையை அழித்து வீட்டு மனையும் வந்தபோது, மூன்று தலைமுறையாக லயத்தில் இருந்தவர்கள் வீடும் வேலையும் கோயிலும் ஒன்றாக இழந்து நகர ஓரத்துக்குப் போனார்கள். ‘நாடு தாவியது’ என்று எழுதுகிறபோது, தாவ முடியாமல் கீழே நின்றவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது? காடு போனது வேறு கணக்கு.

துறைமுகம், மின்சாரம், படித்த தொழிலாளர்கள், பக்கத்தில் பெரிய கப்பல் வழி எல்லாம் இருந்ததால் பினாங்கில் முடிந்தது. 8 லட்சம் பேர் உள்ள நாட்டுக்குச் சிப்பு ஆலை வராது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | சேமிப்பது | கட்டுவது | பக்குவம் செய்வது | தாவுவது |
|---|---|---|---|---|
| முதல் | கரையாது, பூட்டு நின்றால் | கல்வியாக, சாலையாக மாறும் | கரையும், சற்று நல்ல விலைக்கு | மாறும், மெதுவாக |
| விலைச் சரிவு | நன்றாகத் தாங்கும் | ஓரளவு | தாங்காது | தாங்கும் |
| மற்ற தொழில் | காக்கும் | அரசாங்க வேலை விழுங்கும் | ஒரே தாதுவை நம்பியிருக்கும் | வளர்க்கும் |
| வேலை | மிகக் குறைவு | பள்ளி, மருத்துவமனை அளவுக்கு | கொஞ்சம் | நிறைய |
| பேரேடு | ஒரே இடம், பார்ப்பது எளிது | ஒப்பந்ததாரர் கையில் ஒழுகும் | வெளியார் கையில் | சலுகை யாருக்கு என்ற சண்டை |

நவுருவுக்கு இதில் இடம் கொடுக்கவில்லை. பாஸ்பேட்டைத் தோண்டி ஒரு காலத்தில் தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் உலகின் பெரிய பணக்காரர்களாக இருந்த சின்னத் தீவு. நிதியமும் வைத்திருந்தார்கள், மெல்போர்னில் ஐம்பது மாடிக்கு மேல் கட்டடமும் வைத்திருந்தார்கள். 2004இல் கடனுக்காகக் கட்டடத்தை விற்றார்கள். தீவின் பெரும்பகுதி இன்று தோண்டிப் போட்ட சுண்ணாம்புக் கூர்கள்.

## அப்போ கயானா?

பிள்ளைகள் விடவில்லை. நான்கில் எது என்று ஒரே வார்த்தையில் வேண்டும் என்றார்கள்.

கணக்கிலிருந்து ஆரம்பித்தேன். 2016இல் போட்ட ஒப்பந்தப்படி நூறு ரூபாய் எண்ணெயில் 75 ரூபாய் வரை செலவுக் கழிவாக நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளலாம். மீதி 25இல் பாதி, அதாவது 12 ரூபாய் 50 காசு நாட்டுக்கு. உரிமத்தொகை 2 ரூபாய். ஆக 14 ரூபாய் 50 காசு. நிறுவனங்களின் வருமான வரியையும் அரசாங்கமே தன் பங்கிலிருந்து கட்டியதாக எழுதிக்கொள்வார்கள். நார்வேயின் 78 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்கள். நிதியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் விழும் காசு இந்தக் கதவைத் தாண்டித்தான் வர வேண்டும்.

ஒரு வேடிக்கையும் உண்டு. 2009இல் கயானாவின் காட்டை வெட்டாமல் வைத்திருக்க 25 கோடி டாலர் வரை தருவதாக ஒப்பந்தம் போட்டது வேறு யாருமில்லை, நார்வே. எண்ணெய் விற்ற காசில் காட்டுக்குக் காவல். ஆறு வருஷத்தில் காவலுக்கு வைத்த ஆளுக்கே எண்ணெய் கிடைத்துவிட்டது. தலைநகர் ஜார்ஜ்டவுன் கடல் மட்டத்துக்குக் கீழே, சுவர் கட்டிக்கொண்டு இருக்கிறது. கடல் ஏறினால் முதலில் நனைவது அது.

என் பதில்: முதல் இருபது வருஷம் வழி 2, நார்வேயின் பெரிய நிதியத்தை விட்டுவிட்டு, வருஷத்துக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற அதன் விதியை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு. ஒரு சின்ன நிதியம், விலை விழும் வருஷத்துக்கு. கடல் சுவர், வடிகால், தொழிற்கல்வி முதலில். பல்கலைக்கழகக் கட்டணத்தை 2025இல் அவர்கள் எடுத்துவிட்டது நல்லது. படித்தவர்கள் நியூயார்க்குக்குப் போகாமல் இருக்கச் சம்பளமும் வேண்டும். 2024இல் வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் கயானா டாலர், நம் கணக்கில் நாற்பதாயிரம் ரூபாய் சுமார், கொடுப்பதாக அறிவித்தார்கள். எனக்கு அதில் பெரிய மனக்குறை இல்லை. பூட்டின பெட்டியைப் பார்த்துக்கொண்டே பசித்திருப்பதற்கு அது தேவலை. பழக்கமாகிவிட்டால்தான் ஆபத்து. வழி 4ஐ ஆலையாகப் பார்க்காமல் அரிசி, மீன், பக்கத்துத் தீவுகளுக்குக் காய்கறி என்று பார்க்க வேண்டும், விளைநிலம் இருக்கிறது. வழி 3க்கு, அதாவது சுத்திகரிப்பு ஆலைக்கு, நான் ஒரு பைசா போட மாட்டேன்.

“இதுல எதுக்கு சார் முதல் செலவு?”

கணக்குப்பிள்ளைகளுக்கு என்றேன். சிரித்தார்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 75 ரூபாய் செலவு என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தால் அது 75தானா என்று பார்க்க ஆள் வேண்டும். எண்ணெய் எடுக்கும் முன் செய்த செலவு என்று காட்டிய சுமார் 160 கோடி டாலரைத் தணிக்கை செய்தபோது 21 கோடியே 40 லட்சம் டாலர் கேள்விக்கு உள்ளானது. ஒரு தணிக்கை. அத்தனை காசுக்கு எத்தனை பள்ளிக்கூடம் என்று அவர்களையே போட்டுப் பார்க்கச் சொன்னேன்.

கேள்வி கேட்ட பெண் நோட்டை மூடினாள். “அப்ப விடையில ‘நூறு தணிக்கையாளர்களை நியமிக்க வேண்டும்’னு எழுதலாமா சார்?”

“எழுதும்மா. மதிப்பெண்ணுக்கு நான் பொறுப்பில்லை.”